எதிர்வீட்டில் ஏறிய பலகை

மலாய் நாட்டில், நாங்கள் குடியிருந்த காஜா பேராங் தெருவில் பிள்ளை வீடு என்று ஒன்று இருந்தது. விடிவதற்கு முன்னே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருக்கூட்டப் போகும் பெண்கள் தங்கள் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். பகல் ஒரு மணிக்கு வேலை முடிந்து வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அதை யார் உண்டாக்கியது என்று கேட்டால் இன்றைக்கும் எல்லாரும் என் எதிர்வீட்டுச் செட்டிப் பெண்ணைத்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் என் வயிற்றில் ஒரு கரண்டித் தணல் விழும். எனக்கு வயது எண்பதை நெருங்குகிறது. தணல் இன்னும் ஆறவில்லை.

எனக்கு எழுத்து வாசனை குறைவு. கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகிறது. ஆனால் இதை இன்னொருத்தர் கையால் எழுத வைக்க எனக்கு மனசில்லை. முதலில் தொடங்கியது நான். அதை என் கையாலேயே எழுதி வைக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தி. என் வீட்டுக்காரர் முனிசிபல் ஆபீசில் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. ஊர்த் தமிழர்கள் நடத்திய சங்கத்துக்கு அவர்தான் காரியதரிசி. சங்கத்துத் தலைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரிய கிராணி, எதையும் பைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிற மனிதர். அந்தச் சங்கத்துக்கு ஒரு பழைய அவமானம் உண்டு. ஒரு சமயம் படிப்பகம் ஒன்று திறந்தார்கள். மேளம் வைத்து, மாலை போட்டு, வாசலில் பெயர்ப் பலகை மாட்டினார்கள். ஆறு மாதத்தில் அந்த அறையில் எவனோ உடைந்த சைக்கிள்களை அடுக்கிவிட்டான். பலகை மட்டும் மேலே தொங்கியது. போகிற வருகிற சீனப் பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு தலைவர் ஒரு கட்டுப்பாடு போட்டார். "எந்தக் காரியமா இருந்தாலும் முதல்ல மூணு மாசம் நடத்திப் பாருங்க. தப்பு வந்தா மாத்துங்க, மறுபடியும் பாருங்க. நின்னுச்சுன்னா பலகை. நிக்கலைன்னா யாருக்கும் வெக்கம் இல்ல. பலகை மாட்டிட்டு விழுறதுதான் வெக்கம்."

அப்போதுதான் தெருக்கூட்டுகிறவர்கள் குடியிருக்கும் முனிசிபல் லைன் வீடுகளில் அந்தச் சம்பவம் நடந்தது. ஒரு தாய், தவழுகிற பெண்குழந்தையை இடுப்பில் கயிறு கட்டித் தூணோடு பிணைத்துவிட்டு வேலைக்குப் போவாள். அங்கே எல்லாரும் செய்வதுதான். ஒருநாள் முடிச்சு நழுவி, குழந்தை பெரிய சாக்கடையில் விழுந்துவிட்டது. தண்ணீர் குறைவாக இருந்ததால் பிழைத்தது. சங்கத்தில் கூடிப் பேசினார்கள். ரப்பர் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை இருக்கிறதே, டவுனில் ஏன் கூடாது என்று யாரோ கேட்டார். எங்கே நடத்துவது, யார் பார்ப்பது என்று வந்தபோது என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் சரி என்றேன்.

செங்கால் என்கிற கெட்டி மரத்தில் ஒரு பலகை செய்து, எண்ணெய் பூசி, எழுத்தில்லாமல் எங்கள் வீட்டு நடையில் சுவரோடு சாய்த்து வைத்தார்கள். நின்று காட்டினால் எழுதுவார்கள். தினமும் காலையில் நான் அதைத் துடைப்பேன். அது எங்கள் வாசலுக்கு மேலே ஏறும், என் பெண்கள் கட்டிக்கொண்டு போன ஊரிலிருந்து வரும்போது அதன் அடியில் நுழைந்து வருவார்கள் என்று நினைத்துக்கொண்டே துடைப்பேன். வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

என் பிள்ளைகள் நால்வரும் ஏணையில் தூங்கி வளர்ந்தவர்கள்தான். விட்டத்தில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டி விட்டவள்தான் நான். ஆனால் அது வீட்டுக்கு. சங்கம் நடத்துகிற இடம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்க வேண்டாமா? சீனத் தச்சனை வைத்து ஆறு சின்னக் கட்டில் செய்ய வைத்தேன். வெள்ளைத் துணி விரித்தேன். வந்த பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிய பிறகுதான் உள்ளே விட்டேன். கதவு ஏழு மணிக்குத் திறக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

தாய்மார்கள் ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. முதல் வாரம் யாரும் வரவில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரத்தை மாத்திப் பாருங்கம்மா," என்றார். மாற்றினேன். நாலரைக்கு எழுந்தேன். ஆறு பிள்ளைகள் வந்தார்கள், சாக்கடையில் விழுந்த அந்தக் குழந்தையும் வந்தது. அதன் இடுப்பில் கயிறு அறுத்த தழும்பு கறுப்பாக இருந்தது. என் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். ஆனால் கட்டிலில் போட்டால் வில் மாதிரி வளைந்து அலறும். ஒன்று அழுதால் ஆறும் அழும். டின்பாலை மாற்றிக் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்துப் பார்த்தோம். கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் பார்த்தோம். ஜன்னலை மூடிப் பார்த்தோம். ஒவ்வொரு நாளும் என் வீட்டுக்காரர் நோட்டில் எழுதுவார்: தூங்கவில்லை.

ஒருநாள் முன்கூடத்துக்கு வெளியே இரண்டு தாய்மார்கள் பேசுவது என் காதில் விழுந்தது.

"அந்தம்மா வீட்டுல விட்டா வர்றப்ப நம்ம புள்ளை நமக்கே அடையாளம் தெரியாதுடி. அம்புட்டு சோப்பு!"

"என் புள்ளை அழுதழுது தொண்டை கட்டிப் போச்சு. தூணே தேவலை. தூணாவது நம்ம தூணு."

மூன்றாம் மாதம் முடிவதற்குள் ஆறு கட்டிலும் காலி. தலைவர் வந்து நடையில் நின்றபடியே சொன்னார்: "தோத்தது நீங்க இல்லம்மா, கட்டில். அதைத் தெரிஞ்சுக்கிட்டோமே, அதுவே லாபம்." என் காதில் 'தோத்தது' மட்டும்தான் விழுந்தது.

எதிர்வீட்டுச் செட்டிப் பெண் என்னை விட இரண்டு வயது மூத்தவள். இருந்தும் என்னை அக்கா என்பாள். செட்டிகள் என்பவர்கள் பல தலைமுறைக்கு முன்னே இங்கே வந்து தங்கிவிட்ட ஜனங்கள். நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், நெற்றியில் விபூதி பூசுவார்கள், ஆனால் வீட்டுப் பேச்சு மலாய். உடுத்துவது இடுப்பில் சாரோங் கைலி, மேலே கெபாயாச் சட்டை. அவளுக்கு நாற்பது தமிழ் வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். விதவை, கூயே என்கிற மலாய்ப் பலகாரம் செய்து பாசார்ச் சந்தைக்குக் கொடுத்துப் பிழைத்தாள். என் வீட்டில் பிள்ளைகள் அழும்போது வாழை இலையில் ஒரு துண்டு கூயே எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். நான் உள்ளே கூப்பிட்டதில்லை. அவள் தலைவரிடம் போய், "துவான், நான் ஒரு வாரம் வைத்துப் பார்க்கட்டுமா?" என்று, ஐயாவுக்குத் துவான் போட்டு, மலாயில் கேட்டிருக்கிறாள். தலைவர், "ஒரு வாரம் எதுக்கு? மூணு மாசம் பாரு," என்று சொல்லிவிட்டார். ஐப்பசியில் தொடங்கினாள்.

என் முன்கூடத்து ஜன்னல் அவள் கூடத்தை நேராகப் பார்க்கும். அந்த மூன்று மாதமும் நான் அந்த ஜன்னலில்தான் குடியிருந்தேன். அவள் தன் சாரோங்குகளை விட்டத்தில் கட்டி ஏணை செய்தாள். முதல் பத்து நாள் அவளிடமும் பிள்ளைகள் அழுதார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் சோறு உண்டேன். நன்றாக இறங்கியது. மறைக்க மாட்டேன்.

பிறகு ஒருநாள் விடியற்காலை மழை கொட்டியது. அந்தச் சாக்கடைக் குழந்தையின் தாய் நனைந்துகொண்டு வந்து, செட்டிப் பெண் கொடுத்த காய்ந்த சாரோங்கைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். ஈரச் சேலை அங்கேயே கிடந்தது. செட்டிப் பெண் அதை அடுப்புப் பக்கம் உலர்த்தி, மற்ற சாரோங் எல்லாம் ஈரமாகக் கிடந்ததால், குழந்தையை அதிலேயே கட்டிப் போட்டாள். குழந்தை பகல் வரைக்கும் தூங்கியது. ஜன்னலில் நின்ற எனக்குக் கால் மரத்துப் போனது, அதுவரைக்கும் தூங்கியது.

அவள் அதோடு விடவில்லை. மறுநாள் இரண்டு தாய்மாரிடம் பழைய சேலை கேட்டு வாங்கினாள். ஒரு பிள்ளையை அதன் தாய் சேலையில் போட்டாள், தூங்கியது. அதே பிள்ளையை மறுநாள் இன்னொருத்தி சேலையில் போட்டாள், அலறியது. திரும்பத் தாய் சேலைக்கு மாற்றினாள், அடங்கியது. தூங்கியதற்கு ஒரு முடிச்சு, அழுததற்கு ஒரு முடிச்சு என்று இரண்டு கயிற்றில் போட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்கும் எழுதத் தெரியாதே. கார்த்திகைக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. வேலைச் சேலையைத் துவைத்துப் போடுகிற ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு தாயும் அந்தப் பழைய சேலையை உடுத்துவாள், திங்கட்கிழமை கொண்டுவந்து கட்டுவாள், சனிக்கிழமை எடுத்துப் போவாள். பிள்ளைகள் ஆறிலிருந்து ஒன்பதானார்கள். தாய்மார்கள் என் வாசலில் நின்று "அம்மா" என்றவர்கள், அவள் வீட்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து "செட்டி அக்கா" என்று சிரித்தார்கள். அவள் பாஷை அவர்களுக்குப் புரியாது. அப்படியிருந்தும் என்னதான் சிரிப்போ!

பிள்ளைகள் ஏன் தூங்குகிறார்கள் என்று தலைவர் கேட்டதற்கு அவள், "அம்மா சேலையின் நிறம் பிள்ளைக்குத் தெரியும், துவான்," என்றாள். நான் நம்பவில்லை. ஒரு மத்தியானம் அவள் பின்கட்டில் இருந்தபோது, உப்புக் கேட்கிற சாக்கில் போய், ஏணைச் சேலை ஒன்றை மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். வேர்வை, பால், புகையிலை, தெருப்புழுதி. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நிறமாவது ஒன்றாவது. உடுத்திய வாடைதான். அவள் கயிற்று முடிச்சுக்குப் பிடிபடாதது எனக்கு ஒரு மூச்சில் பிடிபட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

தை பிறந்தால் மூன்று மாதம். பொங்கலுக்கு மறுநாள் தலைவரும், என் வீட்டுக்காரரும், அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வெள்ளைக்கார லேடி டாக்டரும் வந்து பார்த்து முடிவு சொல்வார்கள். நின்றது என்றால் பலகை. இல்லை என்றால் காரியமே விடப்படும்.

போகியன்று எங்கள் வீடுகளில் எல்லாவற்றையும் துவைத்து வெளுப்போம். செட்டிகள் அன்றைக்கு முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள், காலையிலிருந்து இருட்டும் வரை சமையல்தான். பிள்ளைகள் போனதும் நான் அங்கே போனேன். அவள் அடுப்படியில் கை நிறைய மசாலாவோடு நின்றாள்.

"டாக்டரம்மா வர்றாங்க. உன் துணிமணியெல்லாம் எங்க டோபிகிட்டக் குடுத்து வெளுத்துத் தர்றேன்," என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "தெரிமா காசே, அக்கா," என்று நன்றி சொன்னாள். "எடுத்துக்கோங்க," என்றாள்.

அவள் நினைத்தது பாயும் திரைச்சீலையும். நான் ஒன்பது ஏணையையும் அவிழ்த்து மூட்டையில் போட்டேன்.

பொங்கலன்று பிள்ளைகள் வரவில்லை. மறுநாள் விடிகாலையில் டோபி மூட்டையை நேரே அவள் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாத ஒன்பது சேலை. நான் ஜன்னலில் இருந்தேன். அவள் ஒன்றைப் பிரித்தாள், தட்டிப் பார்த்தாள், தகரம் மாதிரிச் சத்தம் போட்டது. என் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு விட்டத்தில் கட்டத் தொடங்கினாள்.

ஒன்பது மணிக்கு அவர்கள் வந்தபோது அந்த வீடு சந்தைக்கடையாக இருந்தது. ஒன்பது ஏணையும் அலறின. லேடி டாக்டர் காதைப் பொத்திக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். தலைவர் முகம் கறுத்தது. என் வீட்டுக்காரரோடு வந்தவள் மாதிரி நானும் உள்ளே நுழைந்து சுவரோரம் நின்றேன். என் நெஞ்சு குதித்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, அது சந்தோஷம்தான்.

செட்டிப் பெண் ஒவ்வொன்றாக ஆட்டினாள். தூக்கினாள், போட்டாள். கெபாயா முதுகு நனைந்துவிட்டது. அரைமணி நேரம் ஆயிற்று. தலைவர் கடிகாரத்தை மூடினார்.

"மூணு மாசம் சொன்னதெல்லாம் என்ன? இன்னிக்கு ஒரு நாள் தாங்கலையே," என்றார். என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "எழுதிக்குங்க. நிக்கலை. லைன்லயே பார்த்துக்கட்டும்."

என் வீட்டுக்காரர் பென்சிலை நாக்கில் தொட்டார். அந்த நேரம் பார்த்து, அந்தச் சாக்கடைக் குழந்தை அழுது அழுது விக்கி, சட்டை மேலேறி, இடுப்புத் தழும்பு தெரிந்தது. இன்றைக்கு நிக்கலை என்று எழுதினால் நாளைக்கு அதற்குத் தூண். நான் அதை நினைத்துப் பார்த்திருந்தேனா? இல்லை. பலகை எதிர்வீட்டில் ஏறக் கூடாது என்பதற்கு மேல் என் நினைப்பு போனதில்லை.

"எழுதாதீங்க," என்றேன். "நிறம் அப்படியேதான் இருக்கு. வாடை போயிடுச்சு. அதான் அழுவுது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் போய் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். மூன்று மாதம் என் கழுத்தைக் கட்டிய குழந்தைதானே, என்னிடம் அடங்கும் என்று ஒரு நப்பாசை. முந்தானையில் சுற்றி மார்போடு அணைத்தேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் கத்தியது. என் சேலை தினமும் வெளுத்துக் கஞ்சி போடுகிற சேலை. ஊரில் என் சேலை மடிப்புக்குப் பெயர் உண்டு. அந்த மடிப்பு குழந்தையின் கன்னத்தில் கோடு போட்டது.

செட்டிப் பெண் அருகே வந்து மலாயில் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, இவள் அம்மா பெண்டஹாரா ரோட்டில் கூட்டுகிறாள். நான் பிள்ளைகளை விட்டுப் போக முடியாது. நீங்கள் போய்க் கூட்டி வாருங்கள்."

நான் போனேன். கிராணி மனைவி, வெயிலில், செருப்புத் தேய, துணிக்கடை வரிசை முழுக்கத் தேடிக்கொண்டு போனேன். அவள் துடைப்பத்தோடு பயந்துகொண்டே வந்தாள். உள் அறையில் அவளுக்குக் கஞ்சி போட்ட சேலையைக் கொடுத்து, அவள் உடுத்தியிருந்ததை வாங்கி, நானேதான் விட்டத்தில் கட்டினேன். குழந்தையைப் போட்டேன். இரண்டு விக்கல், ஒரு பெருமூச்சு. எட்டு ஏணை அலறிக்கொண்டிருந்தபோது அந்த ஒன்று மட்டும் கல் விழுந்த குளம் அடங்குகிற மாதிரி அடங்கியது.

தலைவர் கடிகாரத்தைத் திறந்து பார்த்தார். லேடி டாக்டர் குனிந்து ஏணையை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தார், பிறகு சிரித்தார். வாரம் ஒரு தரம் கொதிநீரில் துவைக்கட்டும், துவைத்த பிறகு தாய் ஒரு நாள் உடுத்தாமல் பிள்ளைக்குக் கட்டக் கூடாது என்று சொன்னதாக என் வீட்டுக்காரர் எனக்குப் பிறகு சொன்னார். செட்டிப் பெண் என் பக்கம் திரும்பி, "பாவு மாக்," என்றாள். அம்மா வாடை. ஏதோ நான் அவளுக்குப் பரிசு கொடுத்த மாதிரித் தலையாட்டினாள்.

என் வீட்டுக்காரர் ஒரு ஏணையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். டோபிகள் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் மூலையில் அழியாத மையில் ஒரு குறி போடுவார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு புள்ளியும் ஒரு கோடும். ஒன்பது சேலையிலும் அது இருந்தது. அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டை மூடினார். அவர் சாகும் வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்த வாரமே பலகையை எங்கள் நடையிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அது சாய்ந்திருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக நின்றது. பெயர் எழுதி அவள் வாசலில் ஏற்றினார்கள். உள்ளே சுண்ணாம்புச் சுவரில் தலைவர் ஒரு வரி எழுத வைத்தார்: 'தாய் உடுத்திய சேலையே கட்ட வேண்டும், வெளுத்த சேலை கட்டக் கூடாது.' அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது. பிறகு என் சின்ன மகனிடம் எழுத்துக் கேட்டு, கூட்டிக் கூட்டி முதலில் படித்த வரி அதுதான். அது என் வரி. நான் கண்டது. அவள் நிறம் என்றாள், நான் வாடை என்றேன்.

அடுத்த வருஷம் வேறொரு ஊர்ச் சங்கத்திலிருந்து நான்கு பேர் பார்க்க வந்தார்கள். தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று வைக்க வேண்டும், எங்கிருந்து தொடங்கலாம் என்று தலைவரைக் கேட்டார்கள். அவர் முதலில் அவர்களை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து, ஓரத்தில் அடுக்கியிருந்த ஆறு கட்டிலைக் காட்டினார். "இதுல தொடங்குங்க. இது உதவாதுன்னு தெரிஞ்சுக்காம எதிர்வீட்டு ஏணையை நாங்க கண்டுபிடிச்சிருக்க மாட்டோம்," என்றார். பிறகு அவள் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஜன்னல் வழியாக எல்லாம் எனக்குக் கேட்டது. அந்தச் சேலை விஷயத்தை யார் கண்டுபிடித்தது என்று ஒருவர் கேட்டார். செட்டிப் பெண் ஒரு ஏணையை நிறுத்தி, அதன் மூலையைத் திருப்பி, இரண்டு புள்ளியையும் கோட்டையும் விரலால் தொட்டாள். பிறகு என் ஜன்னலைக் காட்டினாள்.

"அந்த அக்கா," என்றாள், அழகான தமிழில்.

நான்கு பேரும் திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் ஜன்னலைச் சாத்தவும் முடியாமல், திரும்பக் கும்பிடவும் முடியாமல் நின்றேன். குத்திக் காட்டினாளா, பெருமை சேர்த்தாளா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் குத்தித்தான் காட்டியிருப்பேன். அவள் அப்படிச் செய்திருக்க மாட்டாள் என்பதுதான் எனக்குத் தாளவில்லை.